எபிசோட் 47: பழசு ஆனா ருசி கூடுமா, குறையுமா?

(போன வாரம் வெளியான எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் வந்த "அதாவது", "ஆக்சுவலி" எல்லாத்தையும் முடிஞ்ச அளவு வெட்டியிருக்கேன். வரிசையை ஒரு இடத்தில் மட்டும் மாற்றியிருக்கேன்.)

இந்த எபிசோட் என் மாமா கேட்ட ஒரு கேள்வியிலிருந்து வந்தது.

மாமாவுக்கு ஏற்காட்டில், கிளியூர் பக்கம் மூணு ஏக்கர் காபித் தோட்டம். ஏற்காடு ஏரி நிரம்பி வழியும் தண்ணீர்தான் கிளியூர் அருவியாக முந்நூறு அடி கீழே விழுகிறது. மழைக்காலத்தில் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். போன நவம்பரில் அந்தத் திண்ணையில்தான் கேட்டார்.

"மாப்ள, வெளிநாட்டுல ஒயினைப் பத்து வருசம் வச்சிருந்து வித்தா விலை கூடுதுங்கிற. நான் காபியைப் பத்து மாசம் வச்சிருந்தா மட்டும் ஏன்டா கொறையுதுங்கறானுங்க?"

நல்ல கேள்வி. எனக்குப் பதில் தெரியவில்லை. கேள்வி சும்மா வந்ததும் இல்லை. வீட்டுக்குள்ளே பன்னிரண்டு மூட்டை பார்ச்மெண்ட் காபி, கிட்டத்தட்ட 600 கிலோ, அடுக்கியிருந்தது.

அது எப்படித் தங்கிப்போச்சு என்று முதலில் சொல்லிடறேன். 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அரபிகா விலை பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டியது. அதுவரை இல்லாத உச்சம். மாமா அப்போதுதான் அந்த வருட அறுவடையைக் களத்தில் காயவைத்து மூட்டை கட்டியிருந்தார். ஏறுகிற விலை இன்னும் ஏறும் என்று வைத்துக்கொண்டார். விலை அதற்கப்புறம் இறங்கியது, கொஞ்சம் ஏறியது, திரும்ப ஆடியது. இடையில் ஜூனில் மழை வந்துவிட்டது. நவம்பரில் வந்து பார்த்த வியாபாரி "பழைய சரக்கு" என்று ஒரே வார்த்தையில் விலையைக் குறைத்தார்.

நான் இதில் எங்கே வருகிறேன்? "நல்ல காபிக்கு நல்ல விலை கொடுக்கிற ரோஸ்டர்கள் பெங்களூருல இருக்காங்க, நான் பேசி வித்துத் தர்றேன் மாமா" என்று பிப்ரவரியில் வாய் விட்டவன் நான்தான். வேலை பிசியில் அப்படியே விட்டும் விட்டேன்.

முதலில் ஒயின்

எனக்கு ஒயின் அனுபவம் அதிகம் கிடையாது. ஜெர்மனிக்கு ஆன்சைட் போனபோது ஒரு சீனியர் வீட்டில் பல வருடம் பழகிய ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின் கொடுத்தார்கள். முகர்ந்து பார்த்ததும் எனக்கு ஞாபகம் வந்தது ரேஷன் கடை. சத்தியமாக மண்ணெண்ணெய் வாசம். கெட்டுப்போச்சு போல என்று மெதுவாகக் கிளாஸைக் கீழே வைத்தேன். அவரோ "அந்த வாசம்தான் இதோட பெருமையே" என்றார்.

பிறகு படித்துத் தெரிந்துகொண்டது: ரீஸ்லிங் பழக ஆரம்பித்தால் டிடிஎன் என்று சுருக்கமாகச் சொல்கிற ஒரு சேர்மம் உருவாகிறது. அந்த மண்ணெண்ணெய் வாசம் அதனுடையது. கொஞ்சமாக இருந்தால் ரசிக்கிறார்கள், தூக்கலாக இருந்தால் முகம் சுளிக்கிறார்கள்.

உலகத்தில் செய்யப்படும் வெள்ளை ஒயினில் பெரும்பகுதி ஒன்றிரண்டு வருடத்தில் குடித்துவிட வேண்டியது. பழகப் பழக நன்றாகும் வகைகள் கொஞ்சம்தான். சிவப்பு ஒயினுக்குப் பழத்தோலின் துவர்ப்பு ஒரு காவல். வெள்ளைக்கு அது மிகக் குறைவு. அதைக் காப்பாற்றுவது முக்கியமாகப் புளிப்பு, சில வகைகளில் சர்க்கரையும் சேர்ந்து. கூடவே, காற்று கிட்டத்தட்டப் புகாத பாட்டில். உள்ளே மாற்றங்கள் மிக மெதுவாக நடக்கின்றன. வெளிறிய நிறம் பொன்னிறமாகி, பிறகு தேன் நிறத்துக்குப் போகிறது. பச்சைப் பழ வாசம் போய், தேன், கொட்டைப் பருப்பு, உலர்ந்த பழம் மாதிரி வாசங்கள் வருகின்றன.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இனிமேல்தான். சோட்டோலான் என்று ஒரு சேர்மம். வெந்தயத்துக்கு அந்த வாசனையைக் கொடுப்பது இதுதான். பிரான்ஸில் ஜூரா என்ற பகுதியில் "வேன் ஜோன்" என்று ஒரு ஒயின் செய்கிறார்கள். மஞ்சள் ஒயின் என்று அர்த்தம். பீப்பாயை வேண்டுமென்றே முழுசாக நிரப்பாமல், மேலே ஈஸ்ட் ஆடை படிய விட்டு, ஆறு வருடத்துக்கு மேல் வைக்கிறார்கள். 62 சென்டிலிட்டர் கொள்ளும் தனி பாட்டிலில்தான் விற்கிறார்கள். அதன் அடையாளமே சோட்டோலான் வாசம்.

ஜூராவுக்குப் பக்கத்திலேயே இருப்பது பர்கண்டி. உலகத்தின் மிக விலை உயர்ந்த வெள்ளை ஒயின்கள் அங்கே வருகின்றன. 1990களின் நடுவில் விளைந்த பர்கண்டி வெள்ளை ஒயின்களில் நிறைய பாட்டில்கள் எதிர்பார்த்ததற்கு ரொம்ப முன்னாடியே ஆக்சிஜன் பட்டு முதிர்ந்துபோயின. கார்க் தொடங்கி ஒயின் ஆலையின் செய்முறை வரை பல காரணங்களை இன்னும் அலசுகிறார்கள். அப்படி முதிர்ந்த ஒயினிலும் சோட்டோலான் சேர்கிறது. இங்கே அது குறை. வாங்கியவர் காசு போச்சு.

ஒரே சேர்மம்தான். ஒரு ஊரில் அதற்குத்தான் விலை, பக்கத்து ஊரில் அதனாலேயே நஷ்டம்.

நம்ம வீட்டிலும் இது இருக்கிறது. பழைய அரிசி சாதம் உதிரியாக வரும் என்று தேடி வாங்குவோம். பழைய புளி கறுத்திருந்தால் அதற்கென்று ஆள் உண்டு. அதற்காகப் பழைய நல்லெண்ணெயை யாராவது விரும்பி வாங்குவோமா? "பழசு" என்பது ஒரு தீர்ப்பே இல்லை. அது வெறும் தேதி. அந்தப் பொருள் எதுவாக இருக்க வேண்டும் என்று தெரிந்தால்தான் தீர்ப்பு சொல்ல முடியும்.

காபிக்கு ஏன் வயசு பிடிக்காது?

பச்சைக் காபிக் கொட்டை ஒரு விதை. காயவைத்த பிறகும் கொஞ்ச காலம் உயிருள்ள விதை. ஈரம் 10லிருந்து 12 சதவீதத்துக்குள் இருந்தால் அது அடங்கிக் கிடக்கும். அதற்கு மேல் ஈரம் ஏறினால் சுவாசம் கூடுகிறது. உள்ளே இருக்கும் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் குறைகின்றன. வறுக்கும்போது வாசனையாக மாற வேண்டிய மூலப்பொருட்கள் இவைதான். கொட்டையில் உள்ள கொழுப்பும் சிதைந்து காற்றோடு வினை புரிகிறது. கோப்பையில் முதலில் காணாமல் போவது புளிப்பின் துடிப்பு. அடுத்து இனிப்பு. அந்தக் காலி இடத்தில் மரத்தூள், வைக்கோல், கோணிப்பை வாசம் வந்து உட்காரும்.

பார்ச்மெண்ட் என்பது கொட்டையைச் சுற்றியிருக்கும் அந்தக் காய்ந்த மேலோடு. அது ஓரளவு காப்பாற்றும். ஆனால் ஏற்காடு மழைக்காலத்தில், கோணி மூட்டையில், சிமெண்ட் தரையில், மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளே வரும் அறையில் வைத்தால் எவ்வளவு தாங்கும்?

"அப்போ மான்சூன்டு மலபார்?" என்று காபி தெரிந்தவர்கள் கேட்பீர்கள். சரியான கேள்வி. பாய்மரக் கப்பல் காலத்தில் நம் மேற்குக் கரையிலிருந்து ஐரோப்பாவுக்குக் காபி போய்ச்சேர மாதக்கணக்கில் ஆனது. கடல் ஈரத்தில் கொட்டை ஊதி, வெளிறி, புளிப்பு போய் இறங்கியது. அந்த ருசிக்கு அங்கே பழகிவிட்டார்கள். கப்பல்கள் வேகமானதும் அந்த ருசி காணாமல் போனது. அதனால் இன்றும் மேற்குக் கரைக் கிடங்குகளில் பருவமழைக் காற்று படும்படி காபியைப் பரப்பி, கிளறி, வாரக்கணக்கில் வைத்து அதே மாற்றத்தை உண்டாக்குகிறார்கள். புவிசார் குறியீடும் இருக்கிறது.

ஆனால் கவனியுங்கள். அது திட்டம் போட்டுச் செய்வது. அதற்கென்றே காபியைத் தேர்ந்தெடுக்கிறார்கள், பூசணம் பிடிக்காமல் பார்த்துக்கொள்கிறார்கள், முடிந்ததும் தரம் பிரிக்கிறார்கள். மாமா வீட்டு அறையில் நடந்தது அது இல்லை. நம்ம பாஷையில் சொன்னால் ஒன்று ஃபீச்சர், இன்னொன்று பக்.

கப்பிங் மேஜை

இனி வார்த்தையால் வாதம் செய்து பயனில்லை, ருசித்துப் பார்த்துவிடலாம் என்று என் கல்லூரி நண்பனை வரச் சொன்னேன். அவன் பெங்களூரில் ஒரு ரோஸ்டரியில் இருக்கிறான், பயிற்சி பெற்ற கியூ கிரேடர். நல்லகாலமாக அவனிடம் ஒரு பொக்கிஷம் இருந்தது. பிப்ரவரியில் நான் கொடுத்த சாம்பிளில் மிச்சம் இரண்டு கிலோவை வாக்யூம் பையில் அடைத்து, பெங்களூரில் காய்ந்த அறையில் வைத்திருந்தான். அதே தோட்டம், அதே அறுவடை, அதே வயசு. வைத்திருந்த விதம் மட்டும் வேறு. இன்ஜினியருக்கு இதைவிட நல்ல கன்ட்ரோல் கிடைக்குமா?

ஈரமானியில் அவன் சாம்பிள் 10.8 காட்டியது. மாமா மூட்டை 13.6.

கப்பிங் எப்படிச் செய்வார்கள் என்று சுருக்கமாக. இரண்டையும் ஒரே அளவுக்கு, இளசாக வறுத்து, குறைந்தது எட்டு மணி நேரம் ஆறவிட வேண்டும். 150 மில்லி தண்ணீருக்கு 8.25 கிராம் காபி. ஒவ்வொரு சாம்பிளுக்கும் ஐந்து கோப்பை, ஏனென்றால் ஒரே ஒரு கெட்ட கொட்டை ஒரு கோப்பையில் மட்டும் விழுந்திருக்கலாம். முதலில் காய்ந்த பொடியை முகர வேண்டும். பிறகு 93 டிகிரித் தண்ணீர். நாலு நிமிடம் கழித்து மேலே மிதக்கும் ஏட்டைக் கரண்டியால் உடைக்கும்போது மூக்கைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மொத்த வாசனையும் அப்போதுதான் கிளம்பும்.

ருசிப்பது எட்டுப் பத்து நிமிடம் ஆன பிறகு. கரண்டியில் எடுத்து "உர்ர்ர்" என்று சத்தம் வர உறிஞ்ச வேண்டும். காபி திவலையாக வாய் முழுக்கத் தெறிக்க வேண்டும். டம்ளரில் வாய் வைக்காமல் அண்ணாந்து குடித்து வளர்ந்தவனுக்கு இது கஷ்டம். அத்தை வாசலில் நின்று சிரித்துக்கொண்டே இருந்தார்.

சூட்டோடு இருக்கும்போது மணமும் சுவையும் தெரியும். கொஞ்சம் ஆறினால் புளிப்பு, வாயில் நிற்கும் கனம், எல்லாம் ஒத்துப்போகிறதா என்பது தெரியும். முழுக்க ஆறின பிறகுதான் இனிப்பும் சுத்தமும் தெரியும். குறை ஒளிய முடியாத இடம் ஆறின கோப்பைதான். நம்ம வீடுகளில் காபியைப் பொங்கப் பொங்கக் குடிக்கிறோம், அதனால் இதெல்லாம் கண்ணில் படுவதில்லை.

பல வருடமாகப் புழங்குகிற மதிப்பெண் தாளில் பத்து அம்சங்கள், மொத்தம் 100. 80க்கு மேல் வந்தால் ஸ்பெஷாலிட்டி. 2023ல் ஸ்பெஷாலிட்டி காபி அசோசியேஷன் ஒரு புதிய முறையைக் கொண்டுவந்தது. அதில் கோப்பையில் என்ன இருக்கிறது என்று எழுதுவது ஒரு தாள், எனக்கு எவ்வளவு பிடித்தது என்பது வேறு தாள். வேன் ஜோன் கதையைக் கேட்ட உங்களுக்கு இதன் அவசியம் புரிந்திருக்கும். "வெந்தய வாசம் இருக்கிறது" என்பது தகவல். "அது குறை" என்பது தீர்ப்பு. இரண்டையும் ஒரே எண்ணில் அடைத்தால் பிறகு பிரிக்க முடியாது.

நான் ஏமாந்த இடம்

முதல் சுற்றில் எது எந்தக் காபி என்று எனக்குத் தெரியும். மாமா மூட்டைக்கு நான் போட்ட மதிப்பெண் 84. "சாக்லேட், ஆரஞ்சுத் தோல்" என்றெல்லாம் எழுதியிருந்தேன். நண்பன் என் தாளைப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை. கோப்பைகளுக்கு அடியில் எண் ஒட்டி, திருப்பி அடுக்கினான்.

இதற்குப் பெயர் முக்கோணச் சோதனை. மூணு கோப்பை. இரண்டில் ஒரே காபி, ஒன்றில் வேறு. வேறானதைக் கண்டுபிடிக்க வேண்டும். ஆறு சுற்று. எனக்குச் சரியாக வந்தது மூணு. கணக்குப் போட்டால், கண்ணை மூடிக் கை காட்டுகிறவனுக்கும் மூணோ அதற்கு மேலோ சரியாக வர 32 சதவீத வாய்ப்பு இருக்கிறது. அதாவது, எனக்கு வித்தியாசம் தெரிந்தது என்பதற்கு ஆதாரமே இல்லை. அப்போ அந்த ஆரஞ்சுத் தோல் எங்கிருந்து வந்தது? மாமா மேல் இருந்த பாசத்திலிருந்து. பிப்ரவரியில் சொன்னதைச் செய்யாத குற்ற உணர்ச்சியிலிருந்து.

நான் மட்டும் இல்லை என்பது ஒரு ஆறுதல். 2001ல் போர்தோவில் 54 ஒயின் மாணவர்களிடம் வெள்ளை ஒயினில் சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். சாயத்துக்கு வாசனை கிடையாது. அவர்கள் அதைச் சிவப்பு ஒயினுக்குரிய வார்த்தைகளால் வர்ணித்தார்கள். கண் சொன்னதை மூக்கு நம்பிவிட்டது.

கலிபோர்னியாவில் சொந்தமாக ஒயின் ஆலை வைத்திருந்த ராபர்ட் ஹாட்ஜ்சன் என்ற ஓய்வுபெற்ற பேராசிரியர் இன்னும் ஒரு படி மேலே போனார். அந்த மாநிலக் கண்காட்சிப் போட்டியில், ஒரே பாட்டில் ஒயினையே மூணு கிளாஸில் ஊற்றி, மற்றதோடு கலந்து நடுவர்களிடம் அனுப்பச் செய்தார். 2008ல் முடிவை வெளியிட்டார். மூணு தடவையும் ஒரே பதக்க நிலைக்குள் மதிப்பெண் கொடுத்தவர்கள் சுமார் 10 சதவீதம் பேர்தான். அத்தனை பேரும் அனுபவசாலிகள்.

இதைக் கேட்டுவிட்டு "ருசி பார்ப்பதெல்லாம் பித்தலாட்டம்" என்று சிலர் முடித்துவிடுகிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. சென்சாரில் நாய்ஸ் இருந்தால் சென்சாரைத் தூக்கிப் போடுவோமா? லேபிளை மறைப்போம், திரும்பத் திரும்ப அளப்போம், பல பேரை வைத்து சராசரி எடுப்போம். கியூ கிரேடர் தேர்விலேயே முக்கோணச் சோதனை இருக்கிறது. எண் ஒட்டின கோப்பைகளில் நண்பன் கொடுத்த மதிப்பெண்: வாக்யூம் பை 82, கோணி மூட்டை 76.5. பிப்ரவரியில் இதே காபிக்கு அவன் கொடுத்தது 83.

பத்து மாத வயசு எடுத்துக்கொண்டது ஒரு மதிப்பெண். மழைக்கால அறை எடுத்துக்கொண்டது அஞ்சரை.

மாமா முறை

எண்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே மாமா வந்து, "நானும் பாக்கறேன், வையி" என்றார். நண்பன் கோப்பைகளை மாற்றி அடுக்கினான். எது யாருடையது என்று அவருக்குச் சொல்லவில்லை. வாக்யூம் பை விஷயமே அவருக்குத் தெரியாது.

ஆறு சுற்றில் ஐந்து சரி. குருட்டாம்போக்கில் இது வர இரண்டு சதவீதத்துக்கும் குறைவான வாய்ப்பு. மதிப்பெண் தாள் இல்லை, சாக்லேட் இல்லை, ஆரஞ்சுத் தோல் இல்லை. மூணாவது சுற்றில் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "இதுல கோணி வாசம் அடிக்குது மாப்ள. மழையில ஊறுன கோணி. யார் வீட்டுச் சரக்கு இது?"

நான் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் அருவிச் சத்தம் மட்டும்தான். அப்புறம் அவரே மூட்டை அடுக்கியிருந்த அறையைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னொன்னு?"

"அதுவும் உங்களதுதான் மாமா. பிப்ரவரில எடுத்துட்டுப் போனது."

அந்தக் கோப்பையை எடுத்து மிச்சத்தையும் குடித்தார். ஆறிப்போன காபி. "நல்லாத்தான் இருந்திருக்கு" என்றார்.

வாழ்நாள் பூரா காபி விளைவித்தவர், தன் காபியைப் பாலும் சர்க்கரையும் இல்லாமல், இளசாக வறுத்துக் குடித்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. இது அவர் குறை இல்லை. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார் என்பார்கள். அதிலிருந்து கணக்குப் போட்டால் 200 வருடம். இதில் 1940களிலிருந்து 1990களின் நடுப்பகுதி வரை விளைந்ததெல்லாம் காபி வாரியத்தின் பொதுத் தொகுப்புக்குப் போய்ச் சேர்ந்தது. கொட்டையின் அளவும் தரமும் பார்த்துப் புள்ளி. ஒரு தனித் தோட்டத்தின் கோப்பை எப்படி இருக்கிறது என்று தெரிந்து சின்ன விவசாயிக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. வாரியம் "ஃப்ளேவர் ஆஃப் இந்தியா" கப்பிங் போட்டியை ஆரம்பித்ததே 2002ல்தான்.

கடைசியில் என்ன ஆச்சு?

அந்தப் பன்னிரண்டு மூட்டையும் திரும்பக் காயவைத்து, ஃபில்டர் காபிப் பொடி அரைக்கிற ஒருவருக்குப் போனது. கறுக்க வறுத்து, சிக்கரி சேர்த்து, பால் ஊற்றினால் போன புளிப்பை யாரும் தேடப்போவதில்லை. வாயில் நிற்கும் கனம் அதில் இன்னும் இருந்தது. வியாபாரி சொன்னதைவிடக் கொஞ்சம் கூட விலை, பிப்ரவரி விலைக்கு ரொம்பக் கீழே. அந்த வித்தியாசத்தில் ஒரு பங்கு என் பேரில் எழுதப்பட வேண்டியது என்று எனக்குத் தெரியும். மாமா அதைச் சொல்லவே இல்லை.

இந்த வருட அறுவடைக்கு மூணு மாற்றம் செய்திருக்கிறோம். ஒரு ஈரமானி வாங்கியாச்சு. கோணிக்கு உள்ளே காற்றுப் புகாத பை. மூட்டைக்கு அடியில் மரச்சட்டம். விற்பதா, வைப்பதா என்பது மாமா முடிவு, அதில் நான் தலையிடுவதில்லை. வைப்பதென்றால் எப்படி வைப்பது என்பது மட்டும் இப்போது இரண்டு பேருக்கும் தெரியும்.

மாமா கேள்விக்கு என் பதில் இதுதான்: ஒயினுக்கு விலை ஏறுவது வயசால் மட்டும் இல்லை. அந்த வயசைத் தாங்குகிற புளிப்பு உள்ளேயும், காற்றைத் தடுக்கிற பாட்டில் வெளியேயும் இருப்பதால். கார்க் சரியில்லை என்றால் பர்கண்டியும் கோணி மூட்டைதான்.

நீங்கள் வீட்டில் செய்து பார்க்க ஒன்று. இரண்டு கடைக் காபிப் பொடி வாங்கி, மூணு டம்ளரில் பால் இல்லாமல் போட்டு, வீட்டில் யாரையாவது அடியில் எண் ஒட்டச் சொல்லுங்கள். ஆறவிட்டுக் குடித்து, வேறானதைக் கண்டுபிடியுங்கள். ஆறு சுற்று. நாலுக்குக் கீழே வந்தால் என் கட்சியில் சேர்ந்துவிடலாம். ஐந்து வந்தால் எனக்கு எழுதுங்கள், மாமாவிடம் சொல்கிறேன்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.